கர்வ் கடைசி வேலை: வெள்ளிப் பேப்பருக்கு இங்க்ஜெட் நெகட்டிவ்

டிஜிட்டல் நெகட்டிவ் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு கர்வ், அதாவது படத்தின் டோன்களைப் பேப்பருக்கு ஏற்றபடி மாற்றும் வளைகோடு. யாரோ தன் பிரிண்டருக்கும் தன் பேப்பருக்கும் போட்டு வைத்த கர்வ் கோப்பை இறக்கி, படத்தின்மேல் ஏற்றி, இன்வெர்ட் செய்து, ஓஎச்பி ஷீட்டில் அடித்து, பேப்பர்மேல் வைத்து வெளிச்சம் காட்டினால் தீர்ந்தது என்று நினைப்பு. நீலப் படம் தரும் பழைய முறையான சயனோடைப்பில் இப்படிச் செய்தாலும் ஏதோ ஒரு படம் வந்துவிடும். வெள்ளி ஜெலட்டின் பேப்பரில் சாம்பல் பூத்த முகமும் வரிவரியான வானமும்தான் வரும். பழி கர்வ்மேல் விழும்.

உண்மையில் இந்த வேலையிலேயே சுலபமானது கர்வ்தான். அதற்கு முன்னால் வெளிச்சம், டெவலப்பர், ஃபிலிம், இங்க் நான்கும் ஓரிடத்தில் நிற்க வேண்டும். அவை ஆடிக்கொண்டிருக்கும்போது கர்வ் போடுவது ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்து கோலம் போடுவது மாதிரி.

இங்கே சொல்வது கருப்பு-வெள்ளைக் கோப்பை இங்க்ஜெட்டில் முழு அளவு நெகட்டிவாக அடித்து, இருட்டறையில் காண்டாக்ட் பிரிண்ட் போடும் முறை, அதாவது நெகட்டிவைப் பேப்பரோடு ஒட்டவைத்து அதே அளவில் பிரிண்ட் எடுப்பது. இந்த நெகட்டிவை என்லார்ஜரில் வைத்துப் பெரிதாக்க முடியாது. பிரிண்டரின் புள்ளிகளும் சேர்ந்து பெரிதாகிவிடும். பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்தியோ சல்காதோ டிஜிட்டல் கேமராவுக்கு மாறிய பிறகு கோப்புகளை 4×5 அங்குல ஃபிலிமில் நெகட்டிவாகப் பதிவு செய்து, அதிலிருந்து என்லார்ஜரில் வெள்ளிப் பிரிண்ட் போடவைத்தார். அது ஃபிலிம் ரெக்கார்டர் வேலை. வீட்டு மேசையில் நடக்காது. நமக்கு 8×10 பிரிண்ட் வேண்டும் என்றால் 8×10 நெகட்டிவ்.

வெள்ளிப் பேப்பர் ஏன் இவ்வளவு கறார்

சயனோடைப், பிளாட்டினம் போன்ற முறைகளில் ரசாயனம் பருத்திப் பேப்பரின் நாருக்குள் ஊறி நிற்கிறது. பிரிண்டர் போட்ட புள்ளிகளை அந்த நார் விழுங்கிவிடும். வெள்ளிப் பேப்பரில் ஒளியுணரும் பூச்சான எமல்ஷன் வழவழப்பான ஜெலட்டின் படலமாக மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நெகட்டிவின் இங்க் பக்கம் அதன்மேல் அழுத்தமாகப் படும்போது புள்ளி, கோடு, பிரிண்டர் சக்கரம் போன தடம், ஒன்று விடாமல் பதிவாகும். குளாஸி பேப்பர் என்றால் இன்னும் மோசம். அதனால்தான் பழக ஆரம்பிக்கிறவர்கள் பேர்ல் பரப்பில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

இரண்டாவது விஷயம் அடர்த்தி வீச்சு. பிளாட்டினம் நெகட்டிவுக்கு மிக மெல்லிய இடத்துக்கும் மிக அடர்ந்த இடத்துக்கும் இடையே 1.5-க்கு மேல் வேண்டியிருக்கும். கிரேடு 2 (நடுத்தர கான்ட்ராஸ்ட்) வெள்ளிப் பேப்பருக்குச் சுமார் 1.05 போதும். 0.3 என்பது ஒரு ஸ்டாப், அதாவது ஒளி பாதியாகும் அளவு. ஆக, கருப்பிலிருந்து வெள்ளை வரைக்கும் மொத்தமே மூன்றரை ஸ்டாப். இந்தச் சின்ன இடத்துக்குள் எல்லா டோனும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், நெகட்டிவில் 0.05 தவறினாலும் பிரிண்டில் தெரியும். இதிலேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: இவ்வளவு குறைந்த அடர்த்திக்கு நிறைய இங்க் கொட்ட வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் பலரைக் கவிழ்ப்பது: நிறம்.

கண்ணுக்குத் தெரியும் அடர்த்தி வேறு

ஃபில்டரால் கான்ட்ராஸ்டை மாற்றக்கூடிய மல்டிகிரேடு பேப்பரில் இருக்கும் எமல்ஷன்கள் எல்லாமே நீல ஒளிக்கு ஒரே மாதிரி எதிர்வினை காட்டும். பச்சை ஒளிக்கு மட்டும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில். பச்சையை மறித்து நீலத்தை விட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் கருத்து கான்ட்ராஸ்ட் ஏறும். அதுதான் மெஜந்தா ஃபில்டர். நீலத்தை மறித்துப் பச்சையை விட்டால் கான்ட்ராஸ்ட் இறங்கும்; அது மஞ்சள் ஃபில்டர்.

இப்போது நெகட்டிவில் இருக்கும் இங்க்குக்கு ஒரு சாயல் இருந்தால் என்ன ஆகும்? அந்த இங்க்கே ஓர் ஃபில்டர் ஆகிவிடும், அதுவும் இடத்துக்கு இடம் மாறும் ஃபில்டர். மஞ்சள் சாயல் உள்ள இடத்தில் பேப்பர் கிரேடு 0 மாதிரி நடந்துகொள்ளும். பச்சை கசிந்துகொண்டே இருப்பதால் ஹைலைட் (படத்தின் வெளிச்சமான பகுதி) ஒருபோதும் பேப்பர் வெள்ளைக்கு வராது. எவ்வளவு இங்க் கூட்டினாலும் முகம் மங்கலாகவே இருக்கும். நிலையான கிரேடு பேப்பரில், உதாரணமாக ஃபோமாபிரோம் நார்மல், கதை வேறு: அதற்கு நீலம்தான் முக்கியம். கண்ணுக்கு வெளிறிய மஞ்சளாகத் தெரியும் நெகட்டிவ் அந்தப் பேப்பருக்குக் கனமான சுவராக இருக்கும். இருட்டறை விளக்கான சேஃப்லைட் ஏன் ஆரஞ்சாக இருக்கிறது என்று யோசித்தால் இது புரியும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். ஒன்று, மல்டிகிரேடு பேப்பருக்கு நடுநிலைக் கருப்பு-சாம்பல் இங்க்குகள் மட்டுமே. புற ஊதா முறைகளுக்காகப் பரிந்துரைக்கப்படும் பச்சை, ஆரஞ்சு நெகட்டிவ்களை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். இரண்டு, நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தோ டென்சிடோமீட்டரில் அளந்தோ எதையும் முடிவு செய்யாதீர்கள். நெகட்டிவ் எவ்வளவு மறிக்கிறது என்று பேப்பருக்குத்தான் தெரியும். படிப்பட்டையை (கருப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக மாறும் சாம்பல் கட்டங்களின் வரிசையை) பேப்பரில் அடித்து, காயவைத்து, அந்தப் பிரிண்டை அளப்பதுதான் ஒரே அளவை.

பிரிண்டரும் ஃபிலிமும்

எப்சனின் 3880, பி600, பி800 வகைகள் இந்த வேலைக்குப் பேர்போனவை. காரணம், கருப்பிலேயே மூன்று படிநிலை இங்க் உண்டு: ஃபோட்டோ பிளாக், லைட் பிளாக், லைட் லைட் பிளாக். மேட் பிளாக் ஃபிலிமில் ஒட்டாது. தடவினால் கையோடு வரும். பி600-இன் 13 அங்குல அகலத்தில் 11×14 நெகட்டிவ் வரை போகலாம். 16×20 வேண்டுமென்றால் 17 அங்குலப் பிரிண்டர்.

வீட்டில் இருக்கும் நான்கு நிற இங்க் டேங்க் பிரிண்டரில் முடியாதா? சோதிக்கலாம், ஆனால் ஃபோட்டோ பேப்பர் என்று தேர்ந்தெடுத்ததும் கருப்பை சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து உண்டாக்குவது பல மாடல்களின் வழக்கம். மேலே சொன்ன நிறத் தொல்லை உடனே வந்துவிடும். அப்படிப்பட்ட பிரிண்டருக்கு நிலையான கிரேடு பேப்பரே தோது.

ஃபிலிம், பிக்டோரிகோவின் பிரீமியம் ஓஎச்பி. விலை கசக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு விற்கும் இங்க்ஜெட் பாசிட்டிவ் ஃபிலிமும் வேலை செய்யும்; பால் போல லேசாக வெளுத்திருப்பதால் எக்ஸ்போஷர் நேரம் கூடும், அவ்வளவுதான். லேசர் பிரிண்டருக்கான ஓஎச்பி ஷீட்டை மட்டும் இங்க்ஜெட்டில் நுழைக்காதீர்கள். இங்க் உறிஞ்சும் பூச்சு அதில் இல்லை. இங்க் முத்து முத்தாக நிற்கும், ரோலரெல்லாம் கறையாகும். பூச்சு உள்ள பக்கத்தைக் கண்டுபிடிக்க ஈர விரலால் ஒரு மூலையைத் தொடுங்கள்: ஒட்டுகிற பக்கம்தான் அச்சடிக்கும் பக்கம்.

முதல் அளவு: நேரம்

என்லார்ஜரையே விளக்காகப் பயன்படுத்தலாம். நெகட்டிவ் கேரியரைக் காலியாக விட்டு, வெளிச்சம் காண்டாக்ட் ஃபிரேமைவிட நாலு விரல் அகலம் கூடுதலாக விழும்வரை தலையை உயர்த்துங்கள். கம்பத்தில் அந்த உயரத்துக்கு டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸ் எஃப் 8. மல்டிகிரேடு ஃபில்டர் 2. கீழே வரும் சோதனை ஏதாவது மாற்றச் சொன்னால் தவிர, இனி இது மூன்றும் மாறக் கூடாது.

வெளிச்சம் சமமாக விழுகிறதா என்று பார்க்க, நெகட்டிவ் இல்லாமல் ஒரு முழுப் பேப்பரை நடுச் சாம்பல் வரும்படி மிகக் குறைவாக எக்ஸ்போஸ் செய்து டெவலப் செய்யுங்கள். மூலைகள் வெளுத்திருந்தால் தலையை இன்னும் உயர்த்த வேண்டும். இந்த ஒரு பேப்பரை மிச்சம் பிடிப்பவர்கள் பின்னால் இருபது பேப்பரை வீணாக்குவார்கள்.

அடுத்தது, எதுவும் அச்சடிக்காத ஃபிலிம் துண்டு. பேப்பர் துண்டின் பாதியை அது மறைக்கட்டும், மறு பாதி வெறுமையாக இருக்கட்டும். 5, 6.3, 8, 10, 12.7, 16, 20 விநாடி என்று தனித்தனித் துண்டுகளாக எக்ஸ்போஸ் செய்யுங்கள். ஒரே துண்டை அட்டையால் மறைத்து மறைத்து நகர்த்துவது இந்தச் சோதனைக்கு ஆகாது. ஒவ்வொரு முறையும் விளக்கு சூடேறும் தாமதம் சேர்ந்துகொண்டே போகும். ஃபிலிமுக்கு அடியில் உள்ள கருப்புக்கும் வெறும் பாதியின் கருப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத முதல் துண்டு எதுவோ, அதுவே உங்கள் அடிப்படை நேரம். அதற்கு மேல் போனால் கருப்பு அதிகமாகாது, ஷேடோவில் (படத்தின் இருண்ட பகுதியில்) உள்ள விவரம் மூழ்கும், ஹைலைட்டைக் காப்பாற்ற இன்னும் இங்க் கொட்ட வேண்டிவரும். அடிப்படை நேரம் 8 முதல் 16 விநாடிக்குள் வந்தால் நல்லது. 5 விநாடிக்குக் கீழே வந்தால் லென்ஸை ஒரு ஸ்டாப் மூடுங்கள்; அவ்வளவு குறைந்த நேரத்தில் டைமரின் சின்னத் தடுமாற்றம்கூடப் பெரிய சதவீதம்.

டெவலப்பர் பற்றி. இல்ஃபோர்டு மல்டிகிரேடு ஆர்.சி. டீலக்ஸ் பேப்பரை மல்டிகிரேடு டெவலப்பர் 1+9-இல் 20 டிகிரியில் 60 விநாடி என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. ஸ்டாப் பாத் 10 விநாடி, ரேப்பிட் ஃபிக்சர் 1+4-இல் 30 விநாடி, ஓடும் நீரில் 2 நிமிடம். சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும் ஊரில் 20 டிகிரியைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. ட்ரேயைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிப் போட்டு 24 டிகிரியில் நிறுத்த முடிந்தால் அதுவே உங்கள் வெப்பநிலை. எந்த எண் என்பதைவிட எல்லா நாளும் அதே எண் என்பது முக்கியம். நேரத்தை 90 விநாடியாக வைத்துக்கொண்டால், டெவலப்மென்ட் முழுதாக முடிந்துவிடும். ஓரிரு விநாடி கூடினாலும் குறைந்தாலும் கருப்பு மாறாது. ட்ரேயில் கிடக்கும் பிரிண்டைப் பார்த்து "போதும்" என்று இழுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது அளவு: எவ்வளவு இங்க்

கிரே ஸ்கேலில் 0 முதல் 100% வரை 5% இடைவெளியில் 21 கட்டங்கள் உள்ள ஒரு படிப்பட்டையைத் தயார் செய்யுங்கள். அதை இன்வெர்ட் செய்து, கர்வ் எதுவும் இல்லாமல் ஃபிலிமில் அடியுங்கள். நன்றாகக் காய்ந்த பின் அடிப்படை நேரத்தில் எக்ஸ்போஸ் செய்யுங்கள். பேப்பரின் ஒரு மூலையில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு வெளிச்சம் காட்டினால், அதன் அடியில் உண்மையான பேப்பர் வெள்ளை கிடைக்கும். ஒப்பிட வேறு எதுவும் வேண்டாம்.

இப்போது நெகட்டிவில் மிகக் கருப்பான கட்டம் பிரிண்டில் நாணய வெள்ளையாக வர வேண்டும். அதற்கு அடுத்த 5% கட்டம் மயிரிழை அளவுக்கு வேறுபட்டால் போதும். முதல் நான்கைந்து கட்டங்களும் வெள்ளையாகவே கிடந்தால் இங்க் அதிகம். முதல் கட்டமே சாம்பலாக இருந்தால் இங்க் குறைவு. ஆனால் இங்க்கைக் கூட்டும் முன் சேஃப்லைட்டைச் சந்தேகியுங்கள். சேஃப்லைட் புகை முதலில் தின்பது ஹைலைட்டைத்தான். காண்டாக்ட் ஃபிரேமில் பேப்பரை அடுக்கிப் பொருத்துவதற்குள் இரண்டு நிமிடம் போய்விடுகிறது. லேசாகச் சாம்பல் வரும் அளவுக்கு எக்ஸ்போஸ் செய்த பேப்பரின்மேல் நாணயத்தை வைத்து ஐந்து நிமிடம் சேஃப்லைட்டில் விட்டு டெவலப் செய்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

இங்க் அளவை மாற்ற இரண்டு வழிகள். எப்சன் டிரைவரிலேயே அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் முறையைத் தேர்ந்தெடுத்து, டோன் நியூட்ரல், பேப்பர் வகை பிரீமியம் குளாஸி என்று வைத்தால், பெரும்பாலும் மூன்று கருப்பு இங்க்குகளே வேலை செய்யும். பேப்பர் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் கலர் டென்சிட்டி என்று -50 முதல் +50 வரை ஒரு ஸ்லைடர் உண்டு. அதை நகர்த்தி, மறுபடி படிப்பட்டை, மறுபடி பிரிண்ட். அங்கேயே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் காயும் நேரத்தைக் கூட்டும் வசதியும் இருக்கிறது. ஈரக் காற்றுள்ள ஊரில் அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு வழி ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன்ரிப் என்னும் அச்சு மென்பொருள். வளைந்துகொடுக்கும் கருவி இதுதான். கேலிபிரேஷன் முறையில் ஒவ்வொரு இங்க்கையும் தனித்தனிப் பட்டையாக அடித்துத் தரும். அதை அப்படியே பேப்பரில் காண்டாக்ட் போட்டால் எந்த இங்க் எத்தனை சதவீதத்தில் பேப்பர் வெள்ளையைத் தொடுகிறது என்று நேரடியாகத் தெரியும். பிறகு பங்கு பிரிக்கும் வேலை. இதில் ஒரு பிடிவாதம் வேண்டும்: வெளிர் இங்க்குகளால் முடிந்தவரை தாங்கட்டும், ஃபோட்டோ பிளாக் கடைசியில் மட்டும் வரட்டும். ஏன் என்றால், நெகட்டிவின் மெல்லிய பகுதி பிரிண்டில் ஷேடோ. அங்கே ஆங்காங்கே விழும் ஒவ்வொரு கருப்புப் புள்ளியும் கருத்த கோட்டுத் துணியில் பொடுகு உதிர்ந்த மாதிரி வெள்ளையாகத் தெரியும். அதே அடர்த்தியை லைட் லைட் பிளாக் தந்தால் புள்ளிகள் நெருக்கமாக, வெளிறி விழும்; பேப்பருக்கு அது சீரான சாம்பல்.

இங்க் வீச்சு கொஞ்சம் போதவில்லை என்றால் ஃபில்டரை 2-இலிருந்து 3-க்கு ஏற்றிச் சரிக்கட்டலாம். இல்ஃபோர்டு ஃபில்டர்களில் 00 முதல் 3½ வரை நேரம் ஒன்றுதான், 4-உம் 5-உம் இரட்டிப்பு. ஆனால் கிரேடு ஏற ஏற புள்ளிகளும் கோடுகளும் துலக்கமாகும். 3-க்கு மேல் தேவைப்பட்டால் இங்க் பக்கம் திரும்பிப் போவதே சரி.

இனி கர்வ்

இரு முனைகளும் சரியாக நின்ற பிறகு நடுவில் உள்ளவற்றை வரிசைப்படுத்துவதுதான் கர்வ். படிப்பட்டைப் பிரிண்டைக் காயவைத்து அளக்க வேண்டும். ஈரப் பிரிண்ட் பொய் சொல்லும். காய்ந்ததும் ஹைலைட் ஒரு படி இறங்கும், ஃபைபர் பேப்பரில் இன்னும் கூடுதலாக. ஹேர் டிரையர் போதும்.

ஸ்பெக்ட்ரோ (நிறம் அளக்கும் கருவி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரண ஃபிளாட்பெட் ஸ்கேனர், 16 பிட் கிரே, தானியங்கித் திருத்தங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு. ஒவ்வொரு கட்டத்திலும் ஓரத்தைத் தவிர்த்து நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்து, சராசரி மதிப்பை லேப் அளவில் எல் எண்ணாக (0 கருப்பு, 100 வெள்ளை) எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஷீட்டில் படிப்பட்டையை இரண்டு முறை, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அடித்து இரண்டின் சராசரியை எடுத்தால் வெளிச்சத்தில் உள்ள சிறு ஏற்றத்தாழ்வு தானே கழிந்துவிடும்.

ஓர் உதாரணம். பேப்பரின் கருப்பு 7, வெள்ளை 95 என்று வந்தது என்று வையுங்கள். மொத்த வீச்சு 88. அப்படியானால் 25% கட்டம் 73-லும், 50% கட்டம் 51-லும், 75% கட்டம் 29-லும் இருக்க வேண்டும். உங்கள் பிரிண்டில் 50% கட்டம் 64 என்று வெளுத்திருக்கிறது. 51 எங்கே கிடைத்தது என்று தேடுகிறீர்கள், 65% கட்டத்தில். எனவே கர்வில் உள்ளீடு 50, வெளியீடு 65. இதே மாதிரி ஏழு அல்லது ஒன்பது புள்ளிகள் போதும். இருபத்தோரு புள்ளியையும் அப்படியே போட்டால் அளவைப் பிழைகளும் கர்வில் ஏறி, வானத்தில் படிக்கட்டாக இறங்கும். திருத்திய பின் நடு டோன் இன்னும் வெளுத்துப்போனால் உள்ளீட்டையும் வெளியீட்டையும் மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். மிகப் பொதுவான தவறு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

கர்வின் ஏதாவது ஒரு முனை செங்குத்தாக, மூன்று மடங்கு சரிவுக்கு மேல் ஏறினால் அந்தக் கர்வை நம்ப வேண்டாம். ஹைலைட் முனை செங்குத்தானால் இங்க் அளவு பிசகு. ஷேடோ முனை செங்குத்தானால் அடிப்படை நேரம் பிசகு. பின்வாங்கிப் போய் அதைச் சரிசெய்யுங்கள்.

கர்வ் ஏற்றி மறுபடி படிப்பட்டை அடித்து, நடுக் கட்டங்கள் எதிர்பார்த்த எண்ணுக்கு இரண்டு எண் இப்படி அப்படி வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். அதைவிடத் துல்லியம் தேடுவது டெவலப்பரின் மனநிலையைத் துரத்துவது.

ஒரு விதி: படிப்பட்டை போன வழியிலேயே படமும் போக வேண்டும். அதே மென்பொருள், அதே கலர் மேனேஜ்மென்ட் அமைப்பு, அதே தெளிவு, அதே பேப்பர் வகை. படிப்பட்டையை ஒரு மென்பொருளிலும் படத்தை வேறொன்றிலும் அடித்தால், நடுவில் யாரோ ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் புரொஃபைல் மாற்றியிருப்பார்.

படத்தைத் தயார் செய்வது

இங்கே சொல்ல அதிகமில்லை. 16 பிட், கிரே காமா 2.2, எப்சன் என்றால் 360 பிபிஐ, கேனன் என்றால் 300. கர்வ் பாசிட்டிவ் படத்தின்மேல் முதலில், இன்வெர்ட் அதற்குப் பிறகு. படிப்பட்டையிலும் அதே வரிசை. பிறகு இடவலமாகத் திருப்புங்கள். இங்க் பக்கம் எமல்ஷனைத் தொட வேண்டும் என்பதால் ஃபிலிமின் முதுகு வழியாகப் பார்க்கும்போது எழுத்து நேராகத் தெரிய வேண்டும். திருப்ப மறந்து, ஃபிலிமையே புரட்டிப் போட்டுச் சமாளித்தால் இங்க்குக்கும் பேப்பருக்கும் நடுவில் ஃபிலிமின் தடிமன் வந்துவிடும். படம் மொத்தமும் மசமசவென்று இருக்கும்.

ஷார்ப்பனிங் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக வேண்டும். தெளிந்த வானம், சுவர் போன்ற வெற்றிடங்களில் 1 முதல் 2% வரை நாய்ஸ் சேர்த்தால் லேசான கோடுகள் அதில் அமுங்கும். சுத்தமான டிஜிட்டல் வானத்தைவிடப் பிரிண்ட் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

படத்தைச் சுற்றி அச்சடிக்காத ஃபிலிம் இருந்தால் பிரிண்டில் கருப்பு ஓரம் வரும். அழகு ஒருபுறம் இருக்க, அந்த ஓரம் ஒவ்வொரு பிரிண்டிலும் உங்கள் அடிப்படைக் கருப்பைக் காட்டிக்கொண்டே இருக்கும். வெள்ளை ஓரம்தான் வேண்டுமென்றால் சிவப்பு மாஸ்க் ஷீட்டை வெட்டி ஒட்டுங்கள்.

கெடுகிற இடங்கள்

கோடுகள். பிரிண்டர் ஹெட் போகும் திசையில் நெருக்கமாக வந்தால் அது மைக்ரோ பேண்டிங். நாசில் செக், ஹெட் அலைன்மென்ட் இரண்டையும் முதலில் பாருங்கள். ஹை ஸ்பீடு என்பதை அணையுங்கள். அப்போது ஹெட் ஒரே திசையில் மட்டும் அடிக்கும், நேரம் இரட்டிப்பாகும், கோடு குறையும். தெளிவு 2880. இவ்வளவுக்குப் பிறகும் கோடு இருந்தால் பேப்பர் ஃபீட் அளவைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்க வேண்டும். கோடுகள் சம இடைவெளியில், பேப்பர் நகரும் திசையில் சிறு குத்துகளாக வந்தால் அது வேறு நோய்: ஷீட்டை அழுத்திப் பிடிக்கும் பல் சக்கரங்கள் ஈர இங்க்கின்மேல் ஓடிய தடம். இங்க் குறைத்தல், காயும் நேரம் கூட்டல், ஒற்றை ஷீட்டாகத் தனிப் பாதையில் ஊட்டுதல், பிளேட்டன் இடைவெளியை (ஹெட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் உள்ளதை) அகலமாக்குதல். இந்த வரிசையில் முயலுங்கள்.

தூசி. நெகட்டிவின்மேலோ கண்ணாடியின்மேலோ கிடக்கும் தூசி ஒளியை மறித்துப் பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாகும். அதை ஸ்பாட்டிங் சாயம் வைத்து மூடிவிடலாம். அச்சடிக்கும் முன்பே ஃபிலிமில் தூசி இருந்தால்தான் வினை: இங்க் தூசியின்மேல் விழும், பிறகு தூசி உதிரும், நெகட்டிவில் ஓட்டை, பிரிண்டில் கருப்புப் புள்ளி. கருப்பைச் சுரண்டியோ பிளீச் வைத்தோதான் எடுக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் தழும்பாக நிற்கும். ஆகவே ஆன்டிஸ்டாட்டிக் பிரஷ்ஷை எடுக்க வேண்டிய நேரம் ஃபிலிமைப் பிரிண்டரில் நுழைக்கும் முன்.

ஒட்டிக்கொள்வது. காயாத நெகட்டிவை ஜெலட்டின்மேல் கனமான கண்ணாடியால் அழுத்தினால் இங்க் பேப்பருக்கு இடம் மாறும். நெகட்டிவும் போச்சு, பேப்பரும் போச்சு. கோடையில் குறைந்தது ஒரு மணி நேரம், மழைக்காலத்தில் ஓர் இரவு. சென்னை மாதிரிக் கடலோரக் காற்றில் நெகட்டிவை உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் ஒரு தாள்.

தொடர்பு போதாமை. படத்தின் நடுவில் மட்டும் மங்கல் திட்டு இருந்தால் ஃபோகஸ் பிழை என்று நினைக்க வேண்டாம்; அங்கே நெகட்டிவ் பேப்பரைத் தொடவில்லை. 6 மி.மீ. கண்ணாடி, அடியில் 5 மி.மீ. ஃபோம். 11×14-க்கு மேல் போனால் கண்ணாடியின் எடை போதாது, வாக்குவம் ஃபிரேம் தேடும் நிலை வரும்.

வானவில் வளையங்கள் மாதிரி, ஆனால் சாம்பலில், கோலம் கோலமாக வந்தால் அவை நியூட்டன் வளையங்கள். ஃபிலிமின் வழவழப்பான முதுகும் கண்ணாடியும் தொட்டும் தொடாமலும் நிற்கும் இடத்தில் உண்டாகின்றன. ஆன்டி நியூட்டன் கண்ணாடி முழுத் தீர்வு. அது இல்லையென்றால் லென்ஸுக்குக் கீழே ஒளியைப் பரப்பும் ஒரு ஷீட்டைப் பிடித்தால் வளையங்களும் கண்ணாடித் தூசியின் நிழலும் ஓரளவு கரையும், நேரத்தை மட்டும் புதிதாக அளக்க வேண்டும். இதே மாதிரி ஒளியை விரவிவிடும் மெல்லிய பனி ஷீட்டை நெகட்டிவுக்கும் பேப்பருக்கும் நடுவில் வைத்துப் பிரிண்டர் புள்ளிகளை மறைக்கிறவர்களும் உண்டு. புள்ளி மறையும், கூடவே கண்ணிமையும் மறையும். அந்த நிலைமை வந்தால் இங்க் பங்கீட்டுக்கே திரும்பிப் போங்கள்.

புதிய பேப்பர் பெட்டி திறந்தாலோ இங்க் கார்ட்ரிட்ஜ் மாற்றினாலோ எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதில்லை. பழைய படிப்பட்டை நெகட்டிவை, திருத்திய கர்வோடு அடித்ததை, ஒருமுறை காண்டாக்ட் போட்டுப் பழைய பிரிண்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். கருப்பு முனை நகர்ந்திருந்தால் நேரம், வெள்ளை முனை நகர்ந்திருந்தால் ஃபில்டர், நடு மட்டும் நகர்ந்திருந்தால்தான் கர்வ். இங்க் மாற்றிய பிறகு என்றால் இந்தப் படிப்பட்டையைப் புதிதாக அடித்துத்தான் சோதிக்க வேண்டும், பழைய நெகட்டிவில் பழைய இங்க்தானே இருக்கிறது. எது எப்போது அடித்தது என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு நெகட்டிவின் ஓரத்திலும் 6 பாயின்ட் எழுத்தில் தேதி, கர்வின் பெயர், பேப்பர், ஃபில்டர், விநாடி ஐந்தையும் படத்தோடு சேர்த்தே அச்சடித்துவிடுங்கள். மார்க்கரால் எழுதினால் அது அடுத்த நெகட்டிவில் ஒட்டிக்கொள்ளும்.